இரண்டு வீடு, ஒரு வாசல்

சேவல் கூவி நீங்கள் கண்விழித்து எவ்வளவு நாளாயிற்று? இன்னும் லயத்தில் இருப்பவர்கள், "இன்று காலையில்கூட" என்பீர்கள். தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் போய்விட்டவர்கள் சற்று யோசிப்பீர்கள். நான் பாடம் சொல்லிக் கொடுப்பது தோட்டப் பள்ளியில். குடியிருப்பது நான்காவது மாடியில். ஆகவே யோசிக்கிற கூட்டத்தில்தான் என்னையும் சேர்க்க வேண்டும். சென்ற பள்ளி விடுமுறையில் சபா மாநிலத்துக் கோத்தா பெலுட்டில் ஆறு நாள் தங்கி வந்தேன். மலையும் கடலும் பார்க்கத்தான் போனேன். பார்த்துவிட்டு வந்தது ஒரு கோழிக்கூட்டையும், இரண்டு மட்டக்குதிரைகளையும், வாய்க்காலைத் தாண்டாத இரண்டு நாய்களையும்.

பயிற்சிக் கல்லூரியில் என்னோடு ஒரே அறையில் இருந்து படித்த தோழி ஒருத்தி அங்கே ஆசிரியையாக இருக்கிறாள். படிப்பு முடிந்து சபாவுக்கு வேலை உத்தரவு வந்தபோது அழுதுகொண்டே விமானம் ஏறியவள், இருபது ஆண்டாகியும் திரும்பி வர மனமில்லாமல் இருக்கிறாள். "ஒரு தடவை வந்து பாருடி, அப்புறம் பேசு" என்பாள். இந்த முறைதான் வாய்த்தது.

கோலாலம்பூரிலிருந்து கோத்தா கினபாலுவுக்கு விமானத்தில் இரண்டரை மணி நேரம். நம் நாட்டுக்குள்தான் போகிறோம். இருந்தாலும் தீபகற்பத்தார் அங்கே இறங்கியதும் குடிநுழைவு முகப்பில் அடையாளக் கார்டைக் காட்ட வேண்டும். மறக்காமல் எடுத்துப் போங்கள். அங்கிருந்து துவாரான், தம்பாருலி வழியாக வடக்கே வேனில் போனால் 70 கிலோமீட்டர் சொச்சம். வழியெல்லாம் வலப்பக்கம் கினபாலு மலை, 4,095 மீட்டர் உயரம். விடியற்காலையில் பார்த்தால் பார்த்தீர்கள். பத்து மணிக்கெல்லாம் மேகம் வந்து முக்காடு போட்டுவிடும்.

கோத்தா பெலுட் என்றால் பஜாவ் மொழியில் குன்றின் மேல் உள்ள கோட்டை என்று பொருளாம். கோட்டை எதையும் நான் காணவில்லை. கண்டதெல்லாம் நெல்வயல், எருமை, எருமை முதுகில் கொக்கு. அறுவடை முடிந்த வயலில் அடித்தாள் மட்டும் நின்றது. அந்த அடித்தாளுக்கு நடுவே கயிற்றில் கட்டிய குதிரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. நம் பக்கம் மாடு மேய்வதுபோல அங்கே குதிரை மேய்வதை முதன்முதலில் பார்க்கும்போது சிரிப்புத்தான் வருகிறது.

தோழி வாடகைக்கு இருக்கும் வீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு கம்பத்து வீடுகள். ஒன்று பஜாவ் குடும்பம், இஸ்லாமியர்கள். மற்றது டூசுன் குடும்பம், கிறிஸ்தவர்கள். இரண்டும் கால் நட்டு உயர்த்திக் கட்டிய பலகை வீடுகள். இடையில் வேலி இல்லை. ஒரு முழ அகல வாய்க்கால் மட்டும். தென்னை, பலா, மரவள்ளி, வாழை எல்லாம் எது யாருடையது என்று எனக்குக் கடைசிவரை புரியவில்லை. அவர்களுக்கும் பெரிதாக அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை.

பஜாவ் வீட்டுப் பெரியவரை எல்லாரும் அழைப்பதுபோல நானும் பாக்சிக் என்று அழைத்தேன். அவர் என்னைச் சிக்கு என்பார். மலாய்மொழியில் ஆசிரியரை அப்படித்தான் அழைப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்; தலைமுடியைப் பற்றிச் சொல்கிறாரோ என்று தடவிப் பார்க்க வேண்டியதில்லை. டூசுன் வீட்டுப் பாட்டியை அழைப்பதில்தான் எனக்குச் சங்கடம். அவர்கள் மொழியில் பாட்டிக்கு ‘ஓடு’ என்று பெயர். எழுபது வயது மூதாட்டியின் முகத்தைப் பார்த்து "ஓடு, ஓடு" என்று எப்படிச் சொல்வது? முதல் நாள் சிரித்தே சமாளித்தேன்.

முதல் விடியலில் சேவல் கூவியபோது மணி நாலேகால். நம் பக்கம் அது கூவுகிற நேரமல்லவே என்று படுத்தபடியே நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. சபா நமக்குக் கிழக்கே இருக்கிறது. சூரியன் அங்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம் முந்தி உதிக்கிறது. கடிகாரம் மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

எப்போதும் அப்படி இருந்ததில்லை. தீபகற்பத்துக் கடிகாரம் முன்பு சபா, சரவாக்கைவிட அரை மணி பின்தங்கியிருந்தது. 1982 ஜனவரி 1 முதல்தான் அரை மணி முன்னே தள்ளி ஒன்றாக்கினார்கள். அப்போது என் அம்மா பேராக்கில் ஒரு தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். அம்மாவைப் பிரட்டுக்கு எழுப்பிவிடுவது எங்கள் வீட்டுச் சேவல்தான். பிரட்டு மணி புதிய கடிகாரப்படி அடித்தது. சேவல் பழைய சூரியன்படி கூவியது. முதல் வாரம் முழுவதும் அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகத்தான் போனாராம். "கடியாரத்தத் திருப்பினவன் சேவல்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்று இன்றைக்கும் கேட்பார்.

சொல்லியிருந்தாலும் பயனில்லை. சேவலின் கடிகாரம் அதன் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. ஜப்பானில் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பகலும் இரவும் தெரியாதபடி எப்போதும் ஒரே மங்கல் வெளிச்சம் உள்ள அறையில் சேவல்களை வைத்துப் பார்த்தார்கள். அப்போதும் அவை ஏறத்தாழ ஒரு நாளுக்கு ஒரு தரம் விடியல் கூவலைத் தொடர்ந்தன. 2013-இல் அந்த முடிவு வெளியானது. 2015-இல் அதைவிடச் சுவையான ஒன்றைச் சொன்னார்கள். கூட்டத்தில் முதலிடத்துச் சேவல்தான் முதலில் கூவுமாம். மற்றவை தத்தம் வரிசைப்படி பின்னால் கூவுமாம். இதைப் படித்தபோது எனக்கு வியப்பே வரவில்லை. பெரிய கிராணி வாய் திறக்கு முன்னால் சின்னக் கிராணி பேசி நாம் எங்கே கேட்டிருக்கிறோம்?

கோழிக்கு இரண்டு வீட்டு மொழியிலும் ‘மானுக்’ என்றே பெயர். பெயர் ஒன்றாக இருப்பதுபோல மேய்ச்சலும் ஒன்றுதான். பகலில் இரண்டு வீட்டுக் கோழியும் கலந்து திரியும். மாலையில் தத்தம் கூட்டுக்குத் தாமே பிரிந்து போகும். கோழியின் மூதாதை நம் வட்டாரத்துச் செங்காட்டுக்கோழிதான். நெல்லும் தினையும் விளைந்த இடத்தில் சிந்திய மணியைத் தேடி வந்து மனிதனோடு ஒட்டிக்கொண்டது என்று 2022-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. தாய்லாந்தில் பான் நான் வாட் என்ற இடத்தில் கிடைத்த ஏறத்தாழ 3,500 ஆண்டு பழைய கோழி எலும்புகளை அதற்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். அறுத்த வயலில் கோழிகள் கிளறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, 3,500 ஆண்டாக அவற்றுக்கு இதே வேலைதானா என்று தோன்றியது.

கோழி வளர்க்கும் வாசகர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். லயத்தில் ஒரே வாரத்தில் கோழியெல்லாம் கழுத்து முறுக்கிச் சாவதைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளைக் கழிச்சல் என்கிற சீக்கு அது. ‘எவள் கண்ணோ பட்டுவிட்டது’ என்று அடுத்த வீட்டோடு சண்டைக்குப் போனவர்களும் உண்டு. 1980-களில் செர்டாங்கில் உள்ள நம் விவசாயப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், ஆஸ்திரேலிய ஆய்வாளர்களோடு சேர்ந்து, கம்பத்துக் கோழிக்கென்றே தீவனத்தில் கலந்து கொடுக்கும் தடுப்பு மருந்தை உருவாக்கினார்கள். திரியும் கோழியைத் துரத்திப் பிடித்து ஊசி போட முடியாது என்பதுதான் காரணம். சீக்கு வந்த பிறகு மருந்து இல்லை, வருமுன் கொடுப்பதுதான். உங்கள் ஊர்க் கால்நடை இலாகாவில் கேட்டுப் பாருங்கள். பாக்சிக் வீட்டு மாக்சிக் தேதி பார்த்துத் தடுப்பு மருந்து கொடுக்கிறார். தேதி சமையலறைக் கதவில் கரிக்கட்டியால் எழுதியிருக்கிறது.

குதிரைக்கு வருவோம். தோள் உயரம் ஏறக்குறைய 147 சென்டிமீட்டருக்கு உட்பட்டால் மட்டக்குதிரை என்பது உலகக் கணக்கு. பாக்சிக்கின் குதிரைகள் அதைவிடவும் குட்டை. என் நெஞ்சு மட்டம்தான் இருக்கும். சுலு தீவுகளிலிருந்து முன்னோர் படகில் ஏற்றி வந்தவற்றின் வம்சம் என்கிறார் அவர். மட்டக்குதிரைக்கு மலாயில் ‘குடா பாடி’, அதாவது நெல் குதிரை என்று பெயர். வயலில் கட்டிய குதிரையைப் பார்த்தால் பெயர் பொருத்தமாகவே இருக்கிறது. கோத்தா பெலுட் பஜாவ் மக்களைக் கிழக்கு நாட்டுக் கௌபாய்கள் என்று சுற்றுலாத் துண்டுப்பிரசுரங்கள் வருணிக்கும். திருவிழா நாளில் மணியும் வண்ணத் துணியும் கட்டிய குதிரை மேல் தலைப்பாகையோடு வரும் அவர்களுடைய படத்தை நீங்களும் பார்த்திருக்கலாம். நான் பார்த்த குதிரைக்கு மணியும் இல்லை, துணியும் இல்லை. வாலில் சேறுதான் இருந்தது.

ஒன்று கிழட்டுப் பெட்டைக் குதிரை, வயது 22. மற்றது அதன் மகன், நாலு வயது, செம்மண் நிறம், நெற்றியில் வெள்ளைச் சுழி. காலையில் இருட்டு பிரியும்போதே பாக்சிக் இறங்கி வந்து முதலில் பார்ப்பது குதிரையின் முகத்தையல்ல, லத்தியை. காரணம் கேட்டேன். குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாதாம். வயிற்றுக்குள் போனது ஆகாவிட்டால் மாடுபோல அசை போடவும் வழியில்லை, நாய்போலக் கக்கவும் வழியில்லை. வயிறு கட்டிக்கொண்டால் ஒரே நாளில் உயிர் போய்விடும். "வாயைப் பார்த்து வாங்கு, வாலைப் பார்த்து வளர்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். வாயைப் பார்ப்பது வயதுக்காக. வயதாக ஆக முன்பற்கள் முன்னோக்கிச் சாய்ந்துவிடும். கிழவியின் உதட்டை விலக்கிக் காட்டினார். எனக்குப் பல்லைவிட அவர் விலக்கிய விதம்தான் நினைவிருக்கிறது. குழந்தைக்குப் பால்பல் ஆடுகிறதா என்று பார்ப்போமே, அப்படி.

கயிற்றை ஒரு நாளில் மூன்று இடம் மாற்றிக் கட்ட வேண்டும். மாலையில் பத்து வயதுப் பேரன் ஆற்றுக்கு ஓட்டிப் போவான். சேணம் கிடையாது, பிடரி மயிரைப் பிடித்து ஏறிக்கொள்வான். தண்ணீரில் இறங்கியதும் குதிரைக்கும் அவனுக்கும் யார் குளிப்பாட்டுகிறார்கள் என்பதில் தகராறு வரும். எங்கள் பள்ளியில் இதே வயதுப் பையன்கள் கைப்பேசியும் கையுமாகக் குனிந்தபடி இருப்பதை நினைத்துக்கொண்டேன். குறை சொல்லவில்லை. அவர்களுக்கு ஆறும் இல்லை, குதிரையும் இல்லை.

நாய்கள் பாட்டி வீட்டைச் சேர்ந்தவை. ஒரு கறுப்புப் பெட்டை, அதன் செவலைக் குட்டி. இஸ்லாமியர்கள் நாயின் எச்சிலோ ஈரமோ பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும் என்று அவர்கள் சமய நெறி. ஆகவே நாய்கள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போவதில்லை. யார் பழக்கினார்கள் என்று கேட்டேன். பாட்டி குட்டியாக இருக்கும்போதே வாய்க்கால் கரையில் உட்கார்ந்து, தாண்டும்போதெல்லாம் மூக்கில் ஒரு தட்டுத் தட்டுவாராம். ஒரு மாதம் உட்கார்ந்தாராம். வேலி கட்டியிருந்தால் இரண்டு நாளில் முடிந்திருக்குமே என்றேன். "வேலி கட்டினால் கோழி எப்படிப் போகும்?" என்றார் ஓடு.

மூன்றாம் நாள் இரவு இரண்டு நாயும் வாய்க்கால் கரையில் நின்று குரல் கிழியக் குரைத்தன. பார்த்தது பாக்சிக்கின் கோழிக்கூட்டை. டார்ச் லைட்டோடு எல்லாரும் இறங்கினோம். கூட்டுக்குள் மலைப்பாம்பு. ஒரு கோழியை விழுங்கிவிட்டு வெளியே வர இடம் போதாமல் கிடந்தது. பாக்சிக்கின் மகனும் பாட்டியின் மகனும் தலைப்பக்கம் ஒருவர், வால்பக்கம் ஒருவராகப் பிடித்துச் சாக்கில் போட்டார்கள். அவ்வளவு அமளியிலும் கறுப்பு நாய் முன்னங்காலை வாய்க்கால் விளிம்பில் வைத்து நின்றதே தவிரத் தாண்டவில்லை. மறுநாள் காலை அதே விளிம்பில் வாழை இலையில் ஐந்தாறு மீன் தலை இருந்தது. யார் வைத்தார் என்று யாரும் பேசிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தாமு. தாமு என்றால் சந்தை. வெற்றிலை, புகையிலை, மலைக்காய்கறி, கருவாடு, பஜாவ் கொல்லர்கள் அடித்த பாராங் கத்தி என்று எல்லாம் விற்கும் இடம். நம் சம்பளநாள் பாசாரைப் போலத்தான், பாட்டுச் சத்தம் மட்டும் குறைவு. பாக்சிக் செம்மண் குதிரையைச் சந்தைக்கு ஓட்டி வந்தார். அப்போதுதான் விஷயம் எனக்குத் தெரிந்தது. பேத்திக்குக் கோத்தா கினபாலுவில் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. பணம் வேண்டும்.

வாங்க வந்தவர் இளங்குதிரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். விலை படிந்தது. பிறகு, "வீட்டில் ஒரு கிழம் இருக்கிறதாமே, அதையும் கொடுங்கள். பிள்ளைகளை ஏற்றிச் சுற்றக் காட்டலாம்" என்று ஒரு தொகை சொன்னார். சின்னத் தொகைதான், ஆனால் பேத்தியின் ஒரு மாதச் சாப்பாட்டுக்கு ஆகும். மகன் தலையசைத்தார். பாக்சிக் முடியாது என்றுவிட்டார். வீட்டுக்கு வரும் வழியில் மகன் முணுமுணுத்தபடி வந்தார்: ஓடுகிற குதிரையை விற்று, நிற்கிற குதிரையை யாராவது வைத்துக்கொள்வார்களா? பெரியவர் சொன்னது இவ்வளவுதான்: "இளசுக்கு எங்கே போனாலும் புல் கிடைக்கும். இவளுக்கு நான்தானே."

எனக்கு நெஞ்சில் ஏதோ அடைத்தது. ஏன் என்று உங்களுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

2008-இல் நாங்கள் தோட்டத்தை விட்டு வெளியேறினோம். செம்பனைக்கு மாறி, பிறகு கைமாறி, லயத்தை இடிக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. எங்களுக்கு மலிவுவிலை அடுக்குமாடியில் இடம் கிடைத்தது. அங்கே நாய் வளர்க்கக்கூடாது என்று படிக்கட்டில் எழுதி ஒட்டியிருந்தார்கள். எங்களுக்கு மணி என்றொரு நாய் இருந்தது, வயது பதினொன்று. அப்பா, "ராத்திரியில கொண்டுபோயிடலாம், யாரு பாக்கப்போறா" என்றார். நான்தான் கூடாது என்றேன். ஆசிரியை வீட்டிலேயே விதியை மீறலாமா என்று பெரிதாகப் பேசினேன். லாரி கிளம்பியபோது மணி பின்னாலேயே ஓடி வந்தது. பெரிய சடக்கு வரை வந்து, அங்கே நின்றுவிட்டது. தோட்ட எல்லை அதுதான் என்று அதற்கு எப்படித் தெரியுமோ!

அப்பா அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் மோட்டார் சைக்கிளில் எங்கோ போவார். கோயிலுக்கு என்பார். அவர் காலமான பிறகுதான் அம்மா சொன்னார். இடித்துப் போட்ட லயத்தில், எங்கள் வீட்டு அஞ்சடி இருந்த இடத்திலேயே மணி படுத்துக் கிடக்குமாம். அப்பா சோறு வைத்துவிட்டு, அது தின்று முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வருவாராம். நாலு மாதம் போனாராம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சோற்றுப் பொட்டலம் அப்படியே வீட்டுக்குத் திரும்பி வந்ததாம்.

அன்றைக்கு ஒரு வாரம் முன்னதாக யோசித்திருந்தால் பக்கத்துக் கம்பத்துச் சீனர் தோட்டக்காரர் எவரிடமாவது கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. இடம் மாறப்போகிற குடும்பங்கள் யாராவது இதைப் படித்தால், லாரிக்குச் சொல்லும் அன்றே நாய்க்கும் ஓர் இடம் கேட்டுவிடுங்கள்.

மகனை இழந்த கிழட்டுக் குதிரை இரண்டு இரவு கனைத்தது. கனைத்துவிட்டு, பதில் வருகிறதா என்று காதை முன்னே மடித்து நிற்கும். பேரன் அன்று மாலை ஆற்றுக்குப் போகவில்லை, சாப்பிடவும் இல்லை. பாக்சிக் ஒரு பலகையைப் போட்டுக் குதிரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்தார். நல்ல காரியம் செய்தவர் முகமாக அது இல்லை. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் கறுப்பு நாயும் படுத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

திரும்பும் நாள் காலை நாலு மணிக்கு எழுந்து வெளிப்படியில் உட்கார்ந்தேன். அம்மா பால்வெட்டை விட்டு எத்தனையோ ஆண்டாகியும் அந்த நேரத்துக்குத்தான் எழுவார். தொலைபேசியில் அழைத்தேன். "என்னாடி, உடம்புக்கு என்ன?" என்று பதறினார். ஒன்றுமில்லை, கேளுங்கள் என்று கைப்பேசியைக் கோழிக்கூட்டுப் பக்கம் நீட்டினேன்.

முதல் சேவல் கூவியது. சற்றுப் பொறுத்து இன்னொன்று.

"ரெண்டாவது சின்னது. இன்னும் தொண்ட தெறக்கல" என்றார் அம்மா. பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. "நாயி ஏதும் இல்லியா அங்க? கொலைக்கலியே."

"இருக்கும்மா. பக்கத்து வீட்டுப் பாட்டியோடது. படியோரமா தூங்குது."

"சரி. எழுப்பாத."